பழைய மண்டபமும் பாலமும்: மானியம் கேட்பதற்கு முன்

அடையாறு நம் வட்டாரத்தில் பிறக்கும் ஆறு. மணிமங்கலத்தை அடுத்த மலைப்பட்டு ஏரியில் தோன்றிச் சென்னையில் கடலை அடைகிறது. அதன் குறுக்கே சைதாப்பேட்டையில் 1726 ஆம் ஆண்டில் கோஜா பெட்ரஸ் உஸ்கான் என்ற ஆர்மீனிய வணிகர் தம் சொந்தப் பொருளைக் கொண்டு ஒரு பாலம் கட்டுவித்தார். மர்மலாங் பாலம் என்பது அதன் பெயர். அதற்கு 30,000 வராகன் செலவிட்டார் என்றும், பாலத்தைப் பேணுவதற்கென 1,500 வராகன் தனியே வைத்தார் என்றும் வரலாற்றாசிரியர்கள் கூறுவர். 1960களில் மறைமலை அடிகள் பாலம் எழும்வரை, இருநூறு ஆண்டுகளுக்கும் மேலாக அது மக்களுக்குப் பயன்பட்டது.

இன்னும் அருகில், சோமங்கலத்தில், சோழர் காலக் கல்வெட்டு ஒன்று இதே கருத்தைக் கூறுகிறது. பெருமழையில் ஏரிக்கரை உடைந்தது. ஒருவர் உடைப்பை அடைத்துக் கொடுத்தார். அத்துடன் நில்லாமல், ஆண்டுதோறும் வரும் வட்டியிலிருந்து ஏரியைப் பராமரிக்கும்படி ஊராரிடம் பொன்னும் ஒப்படைத்தார்.

இன்றைய மானியங்களில் பெரும்பாலும் இல்லாதது இந்த இரண்டாவது பகுதியே. பழுது பார்க்கப் பணம் கிடைக்கும். பிறகு பேணுவதற்குக் கிடைப்பது அரிது.

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வரையில் தொழிற்சாலைகள் நெருங்கிவிட்ட இந்நாளில், சாலை அகலமாகும்போதும் மனைகள் பிரியும்போதும் முதலில் மறைவன எவை? சாவடி, சுமைதாங்கிக் கல், கரையோர மண்டபம், பழைய கல் மதகு ஆகியவையே. மணிமங்கலம் தர்மேசுவரர் கோயில் போன்றவை மத்திய தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளன. அத்தகைய சின்னங்களைச் சுற்றி 100 மீட்டருக்குள் புதுக் கட்டடம் கூடாது. அதற்கப்பால் 200 மீட்டர் வரை அனுமதி பெற்றே கட்டவேண்டும். 2010 ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் இவ்வாறு விதிக்கிறது. ஆனால் எந்தப் பட்டியலிலும் சேராத சாவடிக்கும் மதகுக்கும் காவலர் ஊராட்சி மன்றமே.

ஆகவே உறுப்பினர்கள் முதலில் கேட்கவேண்டிய கேள்வி, “பணம் எங்கே கிடைக்கும்?” என்பதன்று, “இது யாருக்கு உரியது?” என்பதே. 40 ஹெக்டேருக்குக் குறைந்த ஆயக்கட்டுள்ள ஏரியின் மதகாயின் பொதுவாக ஊராட்சி ஒன்றியத்தைச் சாரும். அதற்கு மேற்பட்டதாயின் நீர்வளத் துறையைச் சாரும். மாநில நெடுஞ்சாலையில் உள்ள சிறு பாலம் நெடுஞ்சாலைத் துறைக்கு உரியது. கோயிலைச் சேர்ந்த மண்டபமாயின் இந்து சமய அறநிலையத் துறையிடம் செல்லவேண்டும். கிராமக் கோயில்களின் திருப்பணிக்கு அத்துறை வழங்கும் உதவி, சில ஆண்டுகளுக்கு முன் கோயில் ஒன்றுக்கு ரூ. 1 இலட்சத்திலிருந்து ரூ. 2 இலட்சமாக உயர்த்தப்பட்டது. அரசுக்குரிய பழைய கட்டடங்களுக்கென்று பொதுப்பணித் துறையில் தனிப் பிரிவு உண்டு. கிராமப் புல எண்ணையும் அடங்கல் நகலையும் இணைக்காத மனு, எந்த அலுவலகத்திற்குச் சென்றாலும் திரும்பி வரும். இதை அனுபவத்தில் சொல்கிறேன்.

நம் வட்டாரத்திற்கு மட்டும் வாய்த்த வழி ஒன்றும் உண்டு. 2013 ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டத்தின் 135 ஆம் பிரிவின்படி, வரம்பிற்கு மேற்பட்ட கம்பெனிகள் முந்திய மூன்றாண்டுச் சராசரி நிகர இலாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிடவேண்டும். அச்சட்டத்தின் ஏழாம் அட்டவணையில், வரலாற்றுச் சிறப்புள்ள கட்டடங்களையும் இடங்களையும் சீரமைத்தல் வெளிப்படையாகக் குறிக்கப்பட்டுள்ளது. தொழிற்சாலை அமைந்த பகுதிக்கு முன்னுரிமை தரவேண்டும் என்றும் சட்டம் கூறுகிறது. பள்ளிக்கு மேசை நாற்காலி கேட்டு எத்தனையோ மனுக்கள் போகின்றன; மண்டபத்திற்காகப் போனதை நான் அதிகம் கண்டதில்லை. எனினும் இதற்கும் எல்லை உண்டு. பல ஆண்டுப் பணி என்றாலும், தொடங்கிய ஆண்டு நீங்கலாக மூன்று ஆண்டுகளுக்கு மேல் அது நீளக்கூடாது. அதன் பின்னர் கூரையில் ஆலங்கன்று முளைத்தால் பிடுங்குவது யார்?

இங்கே என் பிழையொன்றைச் சொல்லவேண்டும். பல ஆண்டுகளுக்கு முன், வேறொரு வட்டாரத்தில், ஏரிக்கரைக் கல் மண்டபம் ஒன்றை நன்கொடையால் புதுப்பித்தோம். பாசி படிந்த தூண்களை மணல் வீச்சு இயந்திரத்தால் சுத்தம் செய்தனர். சுண்ணாம்புத் தளத்தின் மேல் சிமெண்டுப் பூச்சு இட்டனர். மண்டபம் புதிதுபோல் விளங்கியது. வேலை முடிந்ததாக நானே கையொப்பமிட்டேன். மூன்றாவது மழைக்காலத்தில் சிமெண்டு வெடித்து, உள்ளே புகுந்த நீர் வெளியேற வழியின்றித் தளத்துச் செங்கல் உப்புப் பூத்து உதிர்ந்தது. அதையாவது மீண்டும் கட்டலாம். ஒரு தூணில் நான்கு வரி எழுத்து இருந்தது. மணல் வீச்சில் அது தேய்ந்து மறைந்தது. முன்னதாக ஒருவரும் அதைப் படி எடுத்திருக்கவில்லை. அது தானமோ, வரிவிலக்கோ, மதகுப் பாசன முறையோ, இனி எவராலும் சொல்ல இயலாது. அந்த ஊர்ப் பெரியவர் ஒருவர் என்னிடம், “பாசியோடு இருந்திருந்தால் படித்திருக்கலாமே ஐயா” என்று மட்டும் சொன்னார்.

ஆதலால் மதிப்பீடு தயாரிக்கும்போதே சில விவரங்களை எழுதிவிடுங்கள். எழுத்துள்ள கல் இருந்தால் மாநிலத் தொல்லியல் துறைக்குத் தெரிவித்து, படி எடுத்த பின்னரே வேலை தொடங்கவேண்டும். பழைய சுண்ணாம்புக் கட்டுக்குச் சுண்ணாம்புக் காரையே ஏற்றது; கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரில் காரை குழைக்கத் தெரிந்த கொத்தனார்கள் இன்றும் உள்ளனர். கூலி சற்று அதிகம், நாளும் அதிகம். “மார்ச்சுக்குள் முடிக்கவேண்டும்” என்று நெருக்கும் மானியத்திற்கு இது ஒத்துவராது என்பது உண்மையே. அப்போது தளத்தை இவ்வாண்டும் தூண்களை மறு ஆண்டுமாகப் பிரித்துக் கேட்பது நலம். பழைய மதகாயின் பாசன விவசாயிகளைக் கலந்துகொள்ளாமல் மதிப்பீடே போடலாகாது. எந்தக் கல் எந்த ஆண்டு நகர்ந்தது என்று அவர்களுக்குத்தான் தெரியும்.

பேணும் செலவுக்கு அதிகம் வேண்டியதில்லை. ஐப்பசி மழைக்கு முன் செடி பிடுங்கவும், நீர்த்தாரை அடைப்பு எடுக்கவும், பிளவில் காரை பூசவும் ஆண்டுக்கு இரண்டு மூன்று நாள் கூலி போதும். இத்தொகையை எந்தக் கணக்கிலிருந்து எடுப்பது என்பதையும் தீர்மானத்திலேயே குறிப்பிட்டுவிட்டால், உதவி தருவோரும் நம்பித் தருவர்.

அடுத்து வரும் கிராம சபைக்கு முன், வார்டு உறுப்பினர்கள் தத்தம் பகுதியிலுள்ள பழைய சாவடி, மண்டபம், மதகு, பாலம் ஆகியவற்றின் புல எண், இன்றைய நிலை, உரியவர் பெயர் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் நான்கு புறமும் படம் எடுத்து ஊராட்சி அலுவலகத்தில் சேர்ப்பிக்கலாம். எழுத்துள்ள கல்லை மட்டும் முதல் வரியில் எழுதுங்கள்.