வேண்டுமென்றே
(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. வேதியியல்)

ஒரு சொல்லின் பொருளை அகராதியில் கண்டுவிட்டால் அச்சொல் நமக்கு வசமாகிவிட்டது என்று எண்ணுகிறோம். அவ்வெண்ணம் தவறு என்பதை 'டெலிபரேட்லி' என்னும் ஆங்கிலச் சொல் எனக்குக் கற்பித்தது.

தமிழில் இதனை 'வேண்டுமென்றே' என்கிறோம். 1960 ஏப்ரல் 1-ஆம் நாள் ஆந்திரத்திலிருந்து அன்றைய சென்னை மாநிலத்தோடு இணைந்த நம் திருத்தணியில் தெலுங்கும் பலருக்கு வீட்டு மொழி. அவர்கள் 'காவாலனி' என்பர். 'காவாலி' என்றால் வேண்டும். 'அனி' என்றால் என்று. இரண்டும் ஒரே அச்சில் வார்த்த சொற்கள்! ஆங்கிலச் சொல்லோ, தராசைக் குறிக்கும் 'லிப்ரா' என்னும் இலத்தீன் சொல்வழி வந்தது. மனத்தில் நிறுத்துப் பார்த்துச் செய்வது என்பது கருத்து. நம் 'சீர்தூக்கி' என்பதும் அத்தகையதே. 'நிதானமாக' என்ற பொருளும் அதற்கு உண்டு.

இனி, அதன் பயன்பாடு. என் தந்தை இரவுக் காவலர். ஒருநாள் கிடங்கின் பின்கதவு பூட்டப்படாமல் இருந்துவிட்டது. எழுத்து மூலம் விளக்கம் கேட்டார்கள். வீட்டில் ஆங்கிலம் அறிந்தவன் நான் ஒருவனே. "வேண்டுமென்றே பூட்டாமல் விடவில்லை" என்பதை, 'ஐ டெலிபரேட்லி டிட் நாட் லாக் தி டோர்' என்று எழுதினேன். தந்தை நம்பிக்கையோடு கையொப்பமிட்டார்.

தமிழில் எதிர்மறைகள் இரண்டு: 'பூட்டாமல்', 'விடவில்லை'. ஆங்கிலத்தில் நான் வைத்தது ஒன்றே. எனவே, வேண்டுமென்றே பூட்டவில்லை என்று தந்தையே ஒப்புக்கொண்டதாக ஆயிற்று! 'ஐ டிட் நாட் டெலிபரேட்லி லீவ் தி டோர் அன்லாக்டு' என்றிருக்க வேண்டும். 'நாட்' முன்னே நின்றால் நோக்கத்தை மறுக்கும். பின்னே நின்றால் செயலை மறுத்து, நோக்கத்தை உறுதிப்படுத்திவிடும். 1860-ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டமும், 2024 ஜூலை 1 முதல் அதன் இடத்திற்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவும் கருதிச் செய்ததையும் கவனக்குறைவால் நேர்ந்ததையும் வேறுபடுத்தியே பார்க்கின்றன. அவ்வளவு பெரிய வேறுபாடு ஒரு சொல்லின் இடத்தில் அடங்கியிருந்தது.

அங்கிருந்த வயதான எழுத்தர் ஒருவர் ஐயுற்று, தந்தையைத் தெலுங்கில் வினவினார். "காவாலனி சேயலேது" என்றார் தந்தை. கடிதம் திருத்தி எழுதப்பட்டது. வேலை தப்பியது, ஒரு வாரக் கூலி தப்பவில்லை.

நான் தலைகுனிந்து நின்றேன். "நீ வேணும்னே எழுதலையேப்பா" என்றார் தந்தை.

நண்பர்களே, நம்மில் பலர் வீட்டின் முதல் பட்டதாரிகள். நாம் எழுதுவதைப் படித்துப் பாராமலே கையொப்பமிடுவோர் இருக்கிறார்கள். ஆகவே ஒவ்வொரு சொல்லையும் தராசில் இட்டு நிறுத்த பின்னரே எழுதுவோமாக!