உண்டது உடலாகும் வகை

நொதித்தல் என்பது புளித்து நுரைத்துப் பொங்குதலைக் குறிக்கும் தமிழ்ச் சொல். இரவில் கரைத்து வைத்த மாவு விடியலில் பாத்திரத்தின் விளிம்பைத் தொட்டு நிற்பதைக் கண்டவர்க்கு இதன் பொருளை விளக்க வேண்டுவதில்லை. செருமானிய அறிஞர் வில்லெம் கூனே 1870களில் ‘என்சைம்’ என்னும் கலைச்சொல்லை ஆக்கியபோது, ‘புளிப்பேற்றும் ஈஸ்ட்டினுள் இருப்பது’ எனப் பொருள்தரும் கிரேக்கச் சொற்களைக் கொண்டே ஆக்கினார். தமிழில் அதனை ‘நொதி’ என்றனர். ஈழத்துப் பாடநூல்கள் ‘நொதியம்’ என வழங்கும். மூலச்சொல்லும் தமிழ்ச்சொல்லும் ஒரே அடுக்களையில் பிறந்தவை போல அமைந்த இத்தகைய கலைச்சொற்கள் மிகச் சிலவே.

நாம் உண்ணும் சோறு சோறாகவே குருதியில் கலப்பதில்லை. அதிலுள்ள மாவுச்சத்து, குளுக்கோசு அலகுகள் பல கோத்த நெடுஞ்சங்கிலி. இறைச்சியிலும் பருப்பிலும் உள்ள புரதம் அமினோ அமிலங்களால் ஆன சங்கிலி. இவற்றைத் துண்டுதுண்டாக அறுத்தாலன்றிக் குடற்சுவர் ஏற்காது. அறுக்கும் பணியைச் செய்வன நொதிகள். அவை தம் வினையால் தாம் தேய்வதில்லை. ஒன்றன் பணியை மற்றொன்று செய்வதும் இல்லை. இவ்வியல்பை விளக்க எமில் பிஷர் 1894இல் பூட்டும் திறவுகோலும் என்னும் உவமையைக் கையாண்டார். அறிவியலார் ஆண்ட உவமைகளுள் இத்துணை நிலைபெற்றது அரிது.

ஒரு கவளச் சோற்றை விழுங்காமல் நெடுநேரம் மென்றால் மெல்ல இனிக்கக் காணலாம். உமிழ்நீரிலுள்ள அமைலேசு மாவுச்சத்தைச் சர்க்கரையாக்குவதன் சான்று அது. இரைப்பையின் அமிலத்தில் அதன் ஆற்றல் ஒடுங்க, புரதத்தை அறுக்கும் பெப்சின் அங்கே பணியேற்கிறது.

இரைப்பையின் தொழிலை உலகம் அறிந்த கதை வியப்பும் வருத்தமும் ஒருங்கே தருவது. 1822இல் வட அமெரிக்காவின் மாக்கினாக் தீவில் அலெக்சிசு செயின்ட் மார்ட்டின் என்னும் கூலியாளின் வயிற்றில் தற்செயலாகத் துப்பாக்கிக் குண்டு பாய்ந்தது. இராணுவ மருத்துவர் வில்லியம் போமண்ட் அவரைப் பிழைக்கச் செய்தார். புண் ஆறியும் இரைப்பைக்குள் திறந்த துளை மட்டும் மூடவில்லை. பட்டு நூலில் உணவுத் துண்டுகளைக் கட்டி அத்துளை வழியே இறக்கி, நேரம் கழித்து இழுத்துப் பார்த்தார் மருத்துவர். இரைப்பை நீரைக் குப்பியில் எடுத்து உடற்சூட்டில் வைத்து, அதில் இறைச்சி கரைவதையும் கண்டார். செரிமானம் வெறும் அரைத்தலன்று, வேதியியல் வினை என்பது வெளிப்படையாயிற்று. 1833இல் அவர் நூல் வெளிவந்தது. 1836இல் தியோடர் சுவான் பெப்சினைக் கண்டறிந்து பெயரிட்டார். போமண்டின் புகழை எழுதுவோர், வறுமையால் அவரிடமே பணியாளாகி அச்சோதனைகளுக்குத் தன் வயிற்றைக் கொடுத்த அந்த ஏழையையும் நினைத்தல் வேண்டும்.

இறைச்சியைக் கரைக்கும் இந்நீர், இறைச்சியாலான நம் உடலைக் கரைக்காதது ஏன்? இரைப்பையின் உட்சுவரைச் சளிப்படலம் காக்கிறது. கணையத்தின் காவலோ இன்னும் நுட்பமானது. ஏறத்தாழ 15 செ.மீ. நீளமே உள்ள அவ்வுறுப்பு நாள்தோறும் ஒரு லிட்டருக்குக் குறையாத கணைய நீரைச் சுரக்கிறது. மாவுச்சத்து, புரதம், கொழுப்பு மூன்றுக்கும் உரிய நொதிகள் அதில் உள. புரதத்தை அறுக்கும் டிரிப்சினைக் கணையம் முனை மழுங்கிய வடிவிலேயே அனுப்புகிறது. சிறுகுடலை அடைந்தபின், குடற்சுவரின் மற்றொரு நொதி அதன் உறையைக் கழற்றிக் கூர்மையாக்கும். உறையிலிட்ட வாளைக் களத்தில் மட்டும் உருவுதல் போன்றது இது. களம் சேருமுன்னரே வாள் உருவப்பட்டால் கணையம் தன்னைத்தானே அறுத்துக்கொள்ளும். கணைய அழற்சி என்னும் கொடுநோயில் நிகழ்வது இதுவே.

இவ்வளவு செம்மையாக இயங்கும் உடலுக்கு, வலீமா விருந்து முடிந்த கையோடு ‘செரிமான மாத்திரை’ ஒன்றைப் போட்டுக்கொள்ளும் வழக்கம் பெருகியுள்ளது. அவற்றுள் சிலவற்றில் இருப்பது பப்பாளிப் பாலிலுள்ள பப்பைன் என்னும் நொதி. முற்றிய இறைச்சியை மென்மையாக்கப் பப்பாளிக் காயை அரைத்துப் பிசறும் நம் வீட்டுப் பெண்கள் பெயரறியாமலே கையாளும் பொருள் அது. நலமுள்ளவர்க்கு நொதி குறைவதில்லை, மிகுவது உணவே. திருக்குறளின் 95ஆம் அதிகாரம் ‘மருந்து’ எனப் பெயர் பெற்றும் ஒரு மூலிகையின் பெயரும் அதில் இல்லை. முன் உண்டது செரித்ததறிந்து அளவோடு உண்ணுதலையே அது பெரிதும் பேசுகிறது.

உண்மையாகவே நொதி குறையும் நிலைகளும் உண்டு. பாலின் சர்க்கரையை அறுக்கும் லாக்டேசு, உலகில் பெரும்பாலோர்க்குக் குழந்தைப் பருவம் கடந்ததும் குறைந்துவிடுகிறது. பால் குடித்தால் வயிறு உப்புவோர் பலர்க்குத் தயிர் ஒத்துக்கொள்வது, அதன் நுண்ணுயிர்கள் அப்பணியில் ஒரு பகுதியைச் செய்துவிடுவதால்.

நாட்பட்ட கணைய அழற்சியால் கணையம் சிதைந்தோர் நிலை வேறு. கொழுப்புச் செரியாமல் மலத்தோடு கழியும். ஏ, டி, இ, கே உயிர்ச்சத்துகளும் உடன் போகும். வயிறார உண்டும் உடல் மெலியும். இவர்க்குக் கணைய நொதி மாத்திரை இன்றியமையாதது. அது பெரும்பாலும் பன்றியின் கணையத்திலிருந்து எடுக்கப்படுவது. இதனை அறிந்ததும் நம்மவர் சிலர் எவரிடமும் சொல்லாமல் மருந்தை நிறுத்திவிடக் கூடும். மாற்று இல்லாத நிர்ப்பந்தத்தில் விலக்கப்பட்டதற்கும் சலுகை உண்டு என்பது மார்க்கச் சட்டம் அறிந்தோர் அனைவர்க்கும் தெரிந்த விதி. எனவே நோயாளர் தம் ஐயத்தை மருத்துவரிடமும் ஆலிமிடமும் மறையாது கேட்டுத் தெளிந்த பின்னரே முடிவு செய்ய வேண்டும். உண்ணும்போது உணவோடு சேர்த்தே இம்மருந்தை விழுங்குதல் முறை. வெறும் வயிற்றில் உட்கொண்டால் அறுப்பதற்கு அங்கே உணவு இராது. உறையிட்ட உள்மணிகளைப் பொடித்தலும் மெல்லுதலும் ஆகா. இரைப்பை அமிலத்தினின்று நொதியைக் காத்துச் சிறுகுடல் வரை சேர்ப்பது அவ்வுறையே.