வாடிக் கிடக்கும் ஃபைட்டர் மீனைத் தேற்றுவது எப்படி? புதியவர்களுக்கான முழுமையான வழிகாட்டி

பெருநாள் காசில் வாங்கிய ஃபைட்டர் மீன் ஒரு கிழமை மினுங்கித் திரியும். பிறகு ஒரு காலையில் போத்தலின் அடியில் சாய்ந்து கிடக்கும். “வாப்பா, ஃபைட்டர் ஆடாம அசையாம கிடக்கு!” என்று பிள்ளை கத்த, வாப்பா மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு மருந்து தேடிக் கல்முனை பஸாருக்குப் பறப்பார்.

கொஞ்சம் பொறுங்கள். சின்னப் போத்தலில் கிடந்து வாடும் ஃபைட்டரை முதலில் வீழ்த்துவது பெரும்பாலும் கிருமியல்ல, அது கிடக்கும் தண்ணீர்தான். அதனால் வைத்தியத்தைத் தண்ணீரில் தொடங்குவோம். மருந்துப் போத்தல் கடைசியில் வரட்டும்.

போத்தலில் என்ன நடக்கிறது?

ஃபைட்டரின் தாயகம் தாய்லாந்து. அந்நாடு 2019இல் இதைத் தன் தேசிய நீர்வாழ் உயிரினமாக அறிவித்தது. வயலிலும் சதுப்பிலும் வாழும் இனம் என்பதால், சம்மாந்துறை வயல்களில் நாம் காணும் பனையேறி மீனைப் போல இதுவும் மேலே வந்து காற்றை விழுங்கும். சின்னப் போத்தலிலும் உயிரோடு இருப்பது இதனால்தான். ஆனால் மூச்சுக்கு வழி இருந்தாலும் கழிவுக்குப் போக்கிடம் இல்லை. மீனின் கழிவும் மிச்ச உணவும் அமோனியாவாக மாறி அதன் செவுளைப் புண்ணாக்குகின்றன. பார்வைக்குத் தண்ணீர் தெளிவாகவே இருக்கும். அமோனியாவுக்கு நிறமில்லை.

படி 1: நோயா, உறக்கமா?

ஃபைட்டர் இரவில் இலைமேலோ அடியிலோ படுத்து உறங்கும். விளக்கைப் போட்டதும் எழுந்துவிட்டால் கவலையில்லை. பகலிலும் கிடப்பது, செட்டைகளை உடம்போடு ஒட்டி மடித்திருப்பது, நிறம் மங்குவது, இரண்டு நாளாக உணவைத் தொடாதது, கண்ணாடியைக் காட்டினாலும் சிலிர்க்காதது: இவற்றில் இரண்டு மூன்று சேர்ந்து தெரிந்தால் மீனுக்குச் சுகமில்லை.

படி 2: தண்ணீரைத் தயார் செய்யுங்கள்

*குழாய்த் தண்ணீர்:* நீர் வழங்கல் சபையின் தண்ணீரில் குளோரின் உண்டு. நமக்கு நல்லது, மீனின் செவுளுக்கு நஞ்சு. அகலவாய் வாளியில் 24 மணி நேரம் வையுங்கள். அவசரமென்றால் மீன் கடையில் விற்கும் குளோரின் நீக்கியை, அதன் போத்தலில் எழுதிய அளவுக்குச் சேருங்கள்.

*கிணற்றுத் தண்ணீர்:* குளோரின் இராது. ஆனால் 2004 சுனாமியில் நம் கரையோரக் கிணறுகளில் கடல் புகுந்ததை மறந்துவிட முடியாது. நாக்கில் உவர்ப்புத் தட்டினாலோ, கிணறு மலக்குழிக்குப் பக்கத்தில் இருந்தாலோ வேண்டாம். நல்ல கிணறானாலும் அள்ளிய தண்ணீரை ஓரிரவு ஆறவிடுங்கள்.

*வடிகட்டிய போத்தல் தண்ணீர்:* தாதுப்பு மிகக் குறைவாக இருக்கும். தனியாக ஊற்றாமல் குழாய்த் தண்ணீரோடு கலந்து பாவியுங்கள்.

வாளியை மெல்லிய துணியால் மூடி வையுங்கள். நுளம்பு முட்டையிட்டால் டெங்கு நம் வீட்டிலேயே தொடங்கும். 2007ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டப்படி நுளம்பு பெருக இடம் கொடுப்பது குற்றமும்கூட.

படி 3: ஒரு சின்ன ஆஸ்பத்திரி

சவர்க்காரம் படாத, ஐந்து லீற்றர் கொள்ளும் பிளாஸ்டிக் பாத்திரம் போதும். தண்ணீர் அரை அடிக்கு மேல் வேண்டாம். களைத்த மீன் மேலே வந்து மூச்செடுக்க அதிக தூரம் நீந்தக் கூடாது. மீனைப் பழைய தண்ணீரோடு ஒரு கோப்பையில் எடுத்து, புதுத் தண்ணீரை அரை மணி நேரம் சிறிது சிறிதாகச் சேர்த்துப் பழக்குங்கள். பிறகு மீனை மட்டும் பாத்திரத்தில் விடுங்கள். நாள்தோறும் பாதித் தண்ணீரை மாற்றுங்கள்.

படி 4: சூடு

ஃபைட்டருக்கு 26 முதல் 28 பாகை செல்சியஸ் இதமானது. நம் கரையில் வருடத்தின் பெரும்பகுதி இது தானாகவே கிடைக்கும். சிக்கல் மாரியில்தான். கார்த்திகை, மார்கழி இரவுகளில் குளிர்ந்த தரையில், ஃபேனுக்குக் கீழே வைத்த பாத்திரம் சட்டென்று குளிரும். மீனும் சுருண்டுவிடும். பாத்திரத்தை மேசைமேல் ஏற்றி, துவாயால் சுற்றி, மேலே காற்றுக்கு இடம்விட்டு மூடுங்கள். சிறிய ஹீட்டர் இருந்தால் நல்லது. சுடுதண்ணீரை நேரே ஊற்றாதீர்கள். கச்சான் வீசும் காலத்தில் யன்னல் வெயிலில் வைப்பதும் இதே அளவு ஆபத்து.

படி 5: உப்பும் இலையும்

ஐந்து லீற்றருக்கு ஒரு மட்டத் தேக்கரண்டி கல்லுப்பு. வேறு கோப்பையில் கரைத்துப் பிறகு ஊற்றுங்கள். பாதித் தண்ணீர் மாற்றும்போது அரைக் கரண்டி மட்டுமே. பழைய உப்பு ஆவியாகிப் போவதில்லை. பத்து நாளைத் தாண்ட வேண்டாம். கடல் பக்கத்தில்தானே என்று கடல்தண்ணீரை அள்ளி ஊற்றிவிடாதீர்கள். இது நன்னீர் மீன்.

சிங்களத்தில் கொட்டம்பா எனப்படும் நாட்டு வாதுமையின், தானாக உதிர்ந்து காய்ந்த இலையைக் கழுவி உள்ளங்கையளவு போடுங்கள். தண்ணீர் மெல்லிய பிளேன்ரீ நிறத்துக்கு வரும். அதுதான் அளவு. ஃபைட்டர் வளர்ப்போர் நெடுங்காலமாகப் பாவிக்கும் இலை இது.

படி 6: சாப்பாடு

முதல் இரண்டு நாள் எதுவும் வேண்டாம். ஃபைட்டரின் இரைப்பை ஏறக்குறைய அதன் கண்ணளவுதான். வயிறு உப்பி, சாய்ந்து நீந்தும் மீனுக்குப் பட்டினியே முதல் மருந்து. மூன்றாம் நாள் ஒரேயொரு குருணை போடுங்கள். தின்னாவிட்டால் ஐந்து நிமிடத்தில் எடுத்துவிடுங்கள். சோறும் பாண் துண்டும் ஆகவே ஆகாது.

படி 7: நோயின் முகத்தைப் பாருங்கள்

மூன்று நாளில் தேறாவிட்டால் டோர்ச் அடித்து உடம்பை உற்றுப் பாருங்கள்.

• உப்புத் தூவியதுபோல் வெள்ளைப் புள்ளிகள், அல்லது பொன் தூள் பூசியதுபோன்ற மினுக்கம்: ஒட்டுண்ணி. கடையில் அதற்கென்றே மருந்து உண்டு.
• பஞ்சுபோல் படர்வது: பூஞ்சணமாக இருக்கலாம். மெதிலீன் புளூ உதவும். ஆஸ்பத்திரிப் பாத்திரத்தில் மட்டும் பாவியுங்கள். தொட்டியில் ஊற்றினால் நல்ல பக்டீரியாவும் சாகும்.
• செட்டை ஓரம் கருகிக் கரைவது: செட்டை அழுகல். பெரும்பாலும் சுத்தமான தண்ணீரே ஆற்றிவிடும்.
• உடம்பு வீங்கி, செதில்கள் அன்னாசித் தோல்போல் விரிவது: பிழைப்பது அரிது.

ஒரு நேரத்தில் ஒரு மருந்துதான். நமக்கு எழுதித் தந்த அன்டிபயோட்டிக் கப்ஸ்யூலை உடைத்துக் கொட்டாதீர்கள். தேறாத மீனை வாய்க்காலிலோ களப்பிலோ விடவும் வேண்டாம். அதன் நோய் அங்குள்ள மீன்களுக்குப் போகும்.

தேறிய பிறகு

சிலிர்ப்பும் நிறமும் திரும்பி, மீன் தானாக மேலே வந்து உணவு கேட்டால் வீடு மாற்றலாம். பத்து லீற்றருக்குக் குறையாத தொட்டி, மெல்ல ஓடும் ஸ்பொஞ்ச் ஃபில்டர், பாய்ந்து விழாதிருக்க மூடி. தண்ணீருக்கும் மூடிக்கும் இடையே காற்றிடம் இருக்கட்டும். கிழமைக்கு ஒருமுறை கால்வாசித் தண்ணீரை மாற்றுங்கள். ஸ்பொஞ்சைக் குழாயில் கழுவாமல், எடுத்த பழைய தண்ணீரிலேயே பிழியுங்கள். அமோனியாவைத் தின்னும் பக்டீரியா அதில்தான் குடியிருக்கிறது. புதுத் தொட்டியில் அது பெருக நான்கு முதல் ஆறு கிழமை ஆகும். அதுவரை தண்ணீரை அடிக்கடி மாற்றுங்கள்.

பூனையைக் கட்டிவைத்துப் பட்டினி போட்ட பெண்ணின் செய்தியை மத்ரஸாவில் கேட்டு வந்த பிள்ளைக்கு, அடைத்து வைத்த உயிர் யார் பொறுப்பு என்று நாம் சொல்லித் தரத் தேவையில்லை. வேலையை மட்டும் கொடுங்கள்: மஃரிபுக்கு முன் வாளியை நிரப்பித் துணியால் மூடி வைப்பது. நாளைய மருந்து அதற்குள் ஆறிக்கொண்டிருக்கும்.