தெருவைக் கேட்டால் நகரம் பிழைக்கும்



பருவநிலை மாற்றம் என்றால் எங்கேயோ பனி உருகுவது என்றுதான் நானும் நினைத்திருந்தேன். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயலின்போது நம் மாவட்டத்து ஊத்தங்கரையில் ஒரே நாளில் சுமார் 50 செ.மீ. மழை கொட்டியது. சாலையோரம் நின்ற வண்டிகளை வெள்ளம் இழுத்துப் போனது. அதே ஆண்டு கோடையில் பக்கத்து பெங்களூரில் போர்வெல்கள் வற்றி, ஜனங்கள் டேங்கர் லாரிக்குக் காத்துக் கிடந்தார்கள்.

காற்றின் வெப்பம் 1 டிகிரி செல்சியஸ் கூடினால், அது சுமார் 7 சதவீதம் அதிக நீராவியைத் தாங்கும். அதனால்தான் பெய்தால் ஒரேயடியாகப் பெய்கிறது. இதற்கேற்ப நகரம் தன்னை மாற்றிக்கொள்வதே 'தகவமைப்பு'.

ஒரு சிறு கணக்கு

1000 சதுர அடி மொட்டை மாடி என்பது 93 சதுர மீட்டர். 10 செ.மீ. மழை பெய்தால் 93 × 0.10 = 9.3 கன மீட்டர், அதாவது 9300 லிட்டர். 20 சதவீதம் வீணானாலும் 7400 லிட்டருக்கு மேல் தேறும். நூறு வீட்டுக்கு 7.4 லட்சம் லிட்டர்! மண்ணுக்குள் இறங்கினால் போர்வெல் பிழைக்கும். இல்லையேல் தெருவில் வெள்ளம்.

2003-ல் தமிழக அரசு மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியது. சட்டம் குழியை வெட்ட வைக்கும். வருடா வருடம் தூர் எடுக்க வேண்டியது நாம்தானே?

பெங்களூர் சர்ஜாபூர் சாலையிலுள்ள கைகொண்டரஹள்ளி ஏரி கெட்டுக் கிடந்தது. அக்கம்பக்கத்தார் மாநகராட்சியுடன் சேர்ந்து அதை மீட்டார்கள். பராமரிக்க டிரஸ்டும் அமைத்தார்கள்.

எங்கள் தெருவில்

மூக்கண்டப்பள்ளியில் நாங்கள் இருப்பது லைன் வீடு. சென்ற மழைக்கு வீட்டுக்குள் முழங்கால் தண்ணீர். என் பாலிடெக்னிக் நோட்டெல்லாம் நனைந்து போச்சு. அளக்க வந்தவர்கள் ரோட்டை மட்டும் அளந்தார்கள். பின்வீட்டுப் பாட்டி என்னிடம் சொன்னார்: "இங்க முன்னாடி வாய்க்கா ஓடுச்சு தம்பி. மண்ணக் கொட்டி மூடிட்டாங்க. தண்ணி பழைய வழியத் தேடித்தானே வரும்?"

அப்பா கொத்தனார். அவருடைய தண்ணீர் டியூபைப் பிடித்து நானும் நண்பனும் மட்டம் பார்த்தோம். பாட்டி காட்டிய இடம் ரோட்டை விட ஒன்றேகால் அடி பள்ளம்! அவர் எந்தப் புத்தகமும் படித்தவரல்ல.

இதை எங்கே சொல்வது? 1992-ன் 74-வது அரசியல் சட்டத் திருத்தம் நகரங்களில் வார்டு கமிட்டிக்கு வழி செய்தது. தமிழ்நாட்டில் வார்டு கமிட்டிக்கும் பகுதி சபைக்கும் 2022-ல் விதிகள் வந்தன. அந்த ஆண்டு நவம்பர் 1-ல் பகுதி சபைகள் கூடின. ஓசூரும் 2019 முதல் மாநகராட்சிதான். ஆனால் "ஓட்டு ஊர்ல இருக்கு, நமக்கெதுக்குப்பா?" என்று லைன் வீட்டுக்காரர்கள் ஒதுங்குகிறார்கள். என் அம்மாவும்தான். தண்ணீர் முதலில் புகுவதோ எங்கள் வீட்டில்!

நாம் செய்யக் கூடியது

நண்பர்களே, ஆளுக்கொரு தெருவைப் படம் வரைவோம். தண்ணீர் எங்கே, எத்தனை அங்குலம், எத்தனை மணி நேரம் நிற்கிறது? எந்தச் சாக்கடை அடைபட்டது? எந்த போர்வெல் எந்த மாதம் வற்றுகிறது? பெரியவர்களைக் கேட்டு எழுதுவோம். படத்தைக் கவுன்சிலரிடம் கொடுத்து, பகுதி சபையில் பேசுவோம்.

எங்கள் தெருப் படம் தயார். அடுத்த சபைக்கு அம்மாவையும் பாட்டியையும் அழைத்துப் போகிறேன். நீங்களும் வாருங்கள்!