பிஎஸ்5 வாங்கப் போறீங்களா? கன்சோல் விலையை அப்புறம் பார்ப்போம், எத்தனை கேம் வாங்குவீங்க?

ரிட்டர்ன் ஃபைல் பண்ண வந்த ஒரு தம்பி, வேலைக்குச் சேர்ந்து ரெண்டு வருஷம் ஆகுது, கிளம்பும்போது மெதுவா கேட்டார்: "அண்ணா, பிஎஸ்5 ஆறு மாச நோ காஸ்ட் இஎம்ஐ-ல வருது. மாசம் 9,000 சொச்சம்தான். எடுத்துடலாமா?"

"எத்தனை கேம் வாங்குவீங்க?"ன்னு திருப்பிக் கேட்டேன். "ஸ்பைடர்மேன், காட் ஆஃப் வார்... அப்புறம் பார்த்துக்கலாம்ணா" என்றார். அந்த "அப்புறம் பார்த்துக்கலாம்"லதான் பாதி செலவு ஒளிஞ்சிருக்கு.

கேம் கம்பெனிகளும் இதே கேள்வியைத்தான் கேட்கின்றன. விற்ற மொத்த கேம்களை, விற்ற மொத்த கன்சோல்களால் வகுத்தால் வருவது 'டை ரேஷியோ'. 'அட்டாச் ரேட்' என்றும் சொல்வார்கள். இது ஏன் அவங்களுக்கு முக்கியம்? 2021-ல் எபிக் – ஆப்பிள் வழக்கில், எக்ஸ்பாக்ஸ் கன்சோலை நாங்கள் லாபத்துக்கு விற்றதே இல்லை என்று மைக்ரோசாஃப்ட் அதிகாரி ஒருவர் நீதிமன்றத்திலேயே சொன்னார். லாபம் கேமில் இருக்கிறது. அடுத்தவர் தயாரித்த கேம் விற்றாலும் பொதுவாக 30% கமிஷன். பிரிண்டரைச் சல்லிசா கொடுத்துட்டு கார்ட்ரிட்ஜ்ல வசூல் பண்ற அதே கணக்கு.

நிண்டெண்டோ இந்த எண்ணிக்கைகளை வெளிப்படையாகத் தருவதால் நாமே வகுத்துப் பார்க்கலாம். 2025 மார்ச் வரை ஸ்விட்ச் 15.21 கோடி, அதற்கான கேம்கள் சுமார் 139 கோடி. ஒரு கன்சோலுக்கு 9 கேம் சொச்சம். அதற்கு முன்னால் வந்த வீ கன்சோல் 10.16 கோடி, கேம்கள் 92.19 கோடி. அங்கேயும் 9. ஆனால் கையடக்க டிஎஸ்? 15.40 கோடி விற்றும் 6 கேம்தான். கிட்டத்தட்ட ஸ்விட்ச் அளவுக்கே விற்ற மெஷின், கேம் மட்டும் மூணுல ஒரு பங்கு குறைவு. திருட்டு கேம் போடும் கார்டுகள் அந்தக் காலத்தில் சர்வசாதாரணம், அது ஒரு காரணம்.

இந்த 9-ஐ அப்படியே நம்பிடாதீங்க. இது சராசரி. 40 கேம் வாங்குறவரும் ஒண்ணோட நிறுத்துறவரும் ஒரே கூட்டல்ல இருக்காங்க. கன்சோலோடு இலவசமாக வந்ததும் சேர்த்திதான். வீ ஸ்போர்ட்ஸ் 8.29 கோடி 'விற்றது' என்றால், ஜப்பானுக்கு வெளியே பெரும்பாலான நாடுகளில் அது பெட்டிக்குள்ளேயே வந்தது என்பதால்தான். பழைய டிஸ்க் கைமாறுவதோ இந்தக் கணக்கில் வரவே வராது.

சரி, கன்சோலை ஏன் வாங்குறாங்க? பல பேர் ஒரே ஒரு கேமுக்காக. 2017 மார்ச்சில் அமெரிக்காவில் ஸ்விட்ச் 9,06,000 விற்றது. அதற்கான செல்டா கேம் 9,25,000! கன்சோலை விட கேம் அதிகம். சிலர் விளையாட ஒண்ணு, பத்திரமா வைக்க ஒண்ணுன்னு ரெண்டு வாங்கியிருக்காங்க. இன்னும் சிலர் கேமுக்காகவே வாங்குவதில்லை. 2000-ல் பிஎஸ்2 வந்தபோது ஜப்பானில் நிறைய பேருக்கு அது டிவிடி பிளேயர்.

இப்போ நம்ம தம்பியின் கணக்கு. 2024 ஏப்ரலில் பிஎஸ்5 ஸ்லிம் இங்கே வந்தபோது டிஸ்க் மாடல் ₹54,990, டிஜிட்டல் மாடல் ₹44,990. இன்றைய விலையை நீங்க போட்டுக்கோங்க. பெரிய கேம் ஒண்ணு ₹4,999 என்று வைத்தால்:

9 கேம் வாங்கினால் மொத்தம் ₹99,981, ஒரு கேமுக்கு ₹11,109.
3 கேமோடு நிறுத்தினால் மொத்தம் ₹69,987, ஒரு கேமுக்கு ₹23,329.

பார்த்தீங்களா, இங்கே ஒரு பொறி இருக்கு. நிறைய வாங்கினா 'ஒரு கேமின் விலை' இறங்கும், ஆனா பாக்கெட்டிலிருந்து போறது ஏறும். கன்சோலுக்குக் கொடுத்த காசு எப்படியும் போயாச்சு. அதை 'ஈடுகட்ட' புது கேம் வாங்குறது செலவு மேல செலவு. அதனால மொத்தத் தொகையைத்தான் பார்க்கணும்.

டிஜிட்டல் மாடல் ₹10,000 குறைவுதானேன்னு தோணும். டிஸ்க்கை முடிச்சுட்டு வித்துடலாம், டவுன்லோட் பண்ணினதை விக்க முடியாது. ஒரு டிஸ்க்குக்கு ₹2,000 திரும்பி வருதுன்னு வச்சுக்கோங்க, அஞ்சு டிஸ்க்ல அந்த வித்தியாசம் சரியாயிடும். மூணு கேமுக்கு மேல தாண்டாத ஆளா? அப்போ டிஜிட்டல் போதும். நண்பர்களோடு ஆன்லைனில் ஆடணும்னா பெரும்பாலான கட்டண கேம்களுக்கு பிளேஸ்டேஷன் பிளஸ் சந்தாவும் வேணும், அதை மறக்காதீங்க.

நோ காஸ்ட் இஎம்ஐ பற்றி தனி வீடியோவே இருக்கு, இங்கே ஒரு வரி. வட்டியைத் தள்ளுபடியாக் கழிச்சாலும், அந்த வட்டி மேல 18% ஜிஎஸ்டி உங்க தலையில்தான். 16% வட்டி, ஆறு மாசம்னா சுமார் 450 ரூபாய். பிராசஸிங் ஃபீ தனி.

தம்பிகிட்ட ஒரு வேலை சொன்னேன்: கடைசி ரெண்டு வருஷத்துல லேப்டாப்புல காசு கொடுத்து வாங்கி, முழுசா முடிச்ச கேம்களை எழுதுங்க. ராத்திரி வாட்ஸ்அப் வந்தது. வாங்கினது பதினொண்ணு, முடிச்சது ரெண்டு. கீழேயே இன்னொரு மெசேஜ்: "அண்ணா, ரூம்மேட் ஒருத்தன் பழைய பிஎஸ்4 விக்கிறான், அதைக் கேட்டுப் பார்க்கட்டுமா?"

கேளுங்கன்னு சொல்லியிருக்கேன். எமர்ஜென்சி ஃபண்டில் கை வைக்காம, இஎம்ஐ இல்லாம, கைக்காசுல முடிஞ்சா மட்டும்.