மூச்சுத் திணறலும் கூட்டு முயற்சியின் பலனும்

ஒருவரால் ஆகாத காரியம் பலர் கூடினால் ஆகும் என்பது கூட்டுறவுச் சங்க அங்கத்தினர்கள் நன்கறிந்த உண்மை. கடன், விதை, உரம் ஆகியவற்றிற்கு மட்டுமன்று, உயிரைக் காக்கும் அறிவிற்கும் இது பொருந்தும். 2020-ம் ஆண்டில் பிரிட்டனில் கோவிட் நோயாளிகளின் பொருட்டு நடந்த ஓர் ஆராய்ச்சி இதற்குத் தக்க சான்றாகும்.

நோயின் தன்மை

கோவிட் ஒருவகைக் கொரோனா வைரஸ் கிருமியால் உண்டாவது. நோய் கண்டவரில் பெரும்பாலோர் வீட்டிலிருந்தபடியே குணமடைவர். சிலருக்கு மாத்திரம் ஏறக்குறைய ஒரு வாரம் சென்றபின் மூச்சுத் திணறல் மிகும். அச்சமயம் கெடுதி செய்வது கிருமி மட்டுமன்று. கிருமியை எதிர்க்கும் தேகசக்தியே அளவு மீறி நுரையீரலை அழற்சியுறச் செய்கிறது. அதிலுள்ள நுண்ணிய காற்றுப் பைகளில் நீர் கோத்துக்கொள்வதால், பிராணவாயு இரத்தத்திற் சேர்வது குறைகிறது. இத்தகையோருக்கு வைத்தியசாலையில் பிராணவாயு கொடுத்தல் வேண்டும். அதுவும் போதாதவருக்கு இயந்திரத்தின் மூலம் சுவாசம் நடத்தப்படும்.

வைத்தியர்களின் ஐயம்

டெக்ஸாமெதஸோன் என்பது பழைய மருந்து, விலையும் மலிவு. அழற்சியைத் தணிக்க வல்லது. ஆயினும் அது தேகத்தின் எதிர்ப்புச் சக்தியையும் அடக்குமாதலால், கிருமி பெருகுமோ என வைத்தியர் பலர் அஞ்சினர். பிழைத்தவர் மருந்தாற் பிழைத்தாரா, அஃதின்றியும் பிழைத்திருப்பாரா என்பதைச் சில நோயாளிகளை மட்டும் கண்ட ஒரு வைத்தியசாலை தனித்து அறிதல் இயலாது.

ஆகவே 2020 மார்ச்சில், ஆக்ஸ்போர்டு சர்வகலாசாலையைச் சார்ந்த பீட்டர் ஹார்பி, மார்ட்டின் லாண்ட்ரே ஆகியோர் தலைமையில் ‘ரிகவரி’ என்னும் ஆராய்ச்சி தொடங்கிற்று. 176 வைத்திய ஸ்தாபனங்கள் இதிற் கூடின. எவருக்கு மருந்து என்பது சீட்டுப் போட்டாற்போல் பாரபட்சமின்றித் தீர்மானிக்கப்பட்டது. 2,104 பேருக்கு வழக்கமான சிகிச்சையுடன் நாளொன்றுக்கு 6 மில்லிகிராம் வீதம் 10 நாள் வரை இம்மருந்து விதிக்கப்பட்டது. 4,321 பேருக்கு வழக்கமான சிகிச்சை மட்டும் நடந்தது.

கண்ட பலன்

இயந்திரத்தால் சுவாசித்தவரில், மருந்தின்றி 28 நாளில் இறந்தோர் நூற்றுக்கு ஏறக்குறைய 41. மருந்து பெற்றோரில் 29. பிராணவாயு மட்டும் பெற்றவரில் இத்தொகை 26-லிருந்து 23 ஆயிற்று. பிராணவாயு தேவைப்படாதவருக்கோ யாதொரு நன்மையும் காணப்படவில்லை. தீங்கு நேரலாம் என்ற ஐயமே எஞ்சிற்று. 2020 ஜூன் 16-ல் இம்முடிவு வெளியானதும் சிகிச்சை முறை பல தேசங்களிலும் மாறிற்று.

ஆகவே ஒரே மருந்து தக்க தருணத்தில் உயிரைக் காக்கிறது. தகாத தருணத்தில் பயன்படுவதில்லை. அயலார் பிழைத்த மருந்தென்று கேட்டு, வைத்தியர் சொல்லாமல் அதனைக் கடையில் வாங்கி உண்பது பெருந்தவறு.

வீடு திரும்பிய பின்

பிழைத்து வந்ததோடு நோய் தீர்ந்ததென்று எண்ணலாகாது. பிரிட்டனில் வைத்தியசாலையிலிருந்து திரும்பிய 1,077 பேரைப் பற்றிய ஆராய்ச்சி 2021-ல் வெளியாயிற்று. சுமார் ஆறு மாதம் சென்ற பின்பும், முற்றிலும் குணமடைந்ததாகக் கூறியவர் பத்தில் மூவருக்கும் குறைவே. களைப்பு, மூச்சு வாங்குதல், உடல்வலி ஆகியவை பலரை விடவில்லை. அத்தகையவரைச் சோம்பேறியென்று பழித்தல் அறியாமை. கடின வேலையைச் சிறுகச் சிறுகவே அவர் ஏற்கவேண்டும்.

அங்கத்தினர் செய்யத்தக்கவை

விரலில் மாட்டி இரத்தத்தின் பிராணவாயு அளவைக் காட்டும் சிறு கருவி ஒன்றைச் சங்கத்தில் வைத்திருத்தல் நலம். கோவிட் கண்டவருக்கு அளவு 94-க்குக் கீழே இறங்கினாலும், மூச்சுத் திணறல், உதடு நீலித்தல், அறிவு மயங்குதல் ஆகியவை தோன்றினாலும், தாமதியாது வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லவேண்டும். கருவி காட்டும் அளவு நன்றாயிருப்பினும் இக்குறிகளை அலட்சியம் செய்யலாகாது. திரும்பி வந்தவரின் வயல் வேலையைச் சில காலம் அயலார் முறைவைத்துப் பார்த்துக்கொள்வதும் கூட்டுறவின் கடமையேயாம்.