4 என்ற அந்த ஃபோல்டர்

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதத்தில் ஒரு வரி மண்டைக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கிறது. "அன்இன்ஸ்டால் பண்ணிட்டுப் புதுசா போட்டேன் ஐயா, மறுபடியும் திறந்தவுடனே மூடிக்குது, புதுசு எப்படி ஐயா கெட்டுப்போகும்?" என்று கேட்டிருந்தாய். நியாயமான கேள்விதான். ஆனால் நீ முழுதாகப் புதிது போடவில்லை. பாதியைத்தான் மாற்றியிருக்கிறாய். கெட்டுப்போன பாதி இருந்த இடத்தில் அப்படியே இருக்கிறது.

லிப்ரெ ஆபிஸ் உன் கம்ப்யூட்டரில் இரண்டு இடத்தில் குடியிருக்கிறது. 'புரோகிராம் ஃபைல்ஸ்' ஃபோல்டருக்குள் இருப்பது செயலி. வீட்டில் யார் உட்கார்ந்தாலும் அது பொது. உன் பெயரில் உள்ள 'ஆப்டேட்டா' ஃபோல்டரில் 'ரோமிங்', அதற்குள் 'லிப்ரெஆபிஸ்', '4', 'யூசர்' என்று போனால் கிடைப்பது உன்னுடைய சொந்தச் சரக்கு. நீ மாற்றிய எழுத்துரு, சேர்த்த நீட்சிகள், பிழைதிருத்திக்குச் சொல்லிக்கொடுத்த சொற்கள் எல்லாம் அங்கேதான். அன்இன்ஸ்டால் முதல் இடத்தைத்தான் காலி செய்யும். எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனதாகச் சொன்னாயே, அப்போது அடிபட்டது பெரும்பாலும் இரண்டாவது இடமாகத்தான் இருக்கும். 'ரெஜிஸ்ட்ரிமாடிஃபிகேஷன்ஸ்' என்று நீளப் பெயருள்ள ஒரே கோப்பில்தான் உன் விருப்பங்கள் அத்தனையும் எழுதப்படுகின்றன. அது பாதியில் அறுந்தால் போதும்.

அந்த 4 எங்கிருந்து வந்தது என்று சொல்லாமல் மேலே போக எனக்கு மனம் வராது. ஜெர்மனியின் லூனபுர்க் நகரத்தில் 1985-இல் தொடங்கிய ஸ்டார் டிவிஷன் என்ற கம்பெனியின் ஸ்டார் ஆபிஸ்தான் மூலம். அதை 1999-இல் சன் நிறுவனம் வாங்கியது. மறு ஆண்டே மூலநிரலைத் திறந்துவிட்டது. அதிலிருந்து ஓபன் ஆபிஸ் பிறந்தது. சன்னை ஆரக்கிள் வாங்கிய 2010-இல் ஒரு கூட்டம் பிரிந்து வந்து லிப்ரெ ஆபிஸ் என்று பெயர் வைத்தது. நான்காம் பதிப்பு 2013-இல் வந்தபோது இந்த ஃபோல்டருக்கு 4 என்று பெயரிட்டார்கள். பிறகு ஐந்து, ஆறு, ஏழு எல்லாம் வந்தன. 2024-இல் எண் வரிசையையே மாற்றி 24.2 என்றார்கள். ஃபோல்டர் மட்டும் இன்றும் 4தான்! ஒரே கம்ப்யூட்டரை விடாமல் வைத்திருப்பவரிடம் 2013-இல் செய்த ஒரு விருப்பம் இன்றைய பதிப்பிலும் உயிரோடு இருக்கக்கூடும். இதைச் சோம்பேறித்தனம் என்பார்கள். நான் மரியாதை என்பேன். செயலியை எடுத்துவிடு என்றுதானே சொன்னாய்? நீ சேர்த்த சொற்களை எரித்துவிடு என்று சொல்லவில்லையே. இது தெரியாமல் ஆபிஸ் திறக்கவில்லை என்றதும் விண்டோஸையே ஃபார்மட் அடித்துத் தருகிற ரிப்பேர் கடைக்காரர்களை நினைத்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. கேட்டால் "க்ளீனா போட்டுட்டேன் சார்" என்பார்கள். வாடிக்கையாளரின் கல்யாணப் பத்திரிகை வரைக்கும் க்ளீன்தான்.

இப்போது செய்ய வேண்டியது. ஸ்டார்ட் மெனுவில் லிப்ரெ ஆபிஸுக்குப் பக்கத்திலேயே 'சேஃப் மோடு' என்று ஒன்று இருக்கும், அதில் திற. அது உன் அமைப்புகளை ஒதுக்கிவைத்துவிட்டுத் தற்காலிகமாக வெற்று அமைப்போடு ஓடும். ஒழுங்காக ஓடினால் செயலி நன்றாக இருக்கிறது, கோளாறு 4-க்குள் என்று அர்த்தம். உடனே மூடிவிட்டு அந்த ஃபோல்டரின் பெயரை '4-பழையது' என்று மாற்று. அழிக்காதே, கண்ணா! அதற்குள் 'பேக்கப்' என்று ஓர் அறை உண்டு. கரண்ட் போனபோது நீ எழுதிக்கொண்டிருந்த கட்டுரையின் மீட்பு நகல் அங்கே இருக்கலாம். அடுத்த முறை திறக்கும்போது செயலி தானே புதிய 4 ஒன்றை உண்டாக்கிக்கொள்ளும். பிறகு பழையதிலிருந்து 'வேர்ட்புக்' ஃபோல்டரை மட்டும் கொண்டுவந்து வை. உன் சொற்கள் திரும்பிவிடும். மொத்தத்தையும் கொண்டுவந்து கொட்டினால் கோளாறும் கூடவே வரும்.

தமிழ் எழுத்துருவை மறுபடி நீயே அமைக்க வேண்டியிருக்கும். அமைப்புப் பகுதியில் 'பேசிக் ஃபான்ட்ஸ்' இரண்டு பட்டியலாக இருக்கும். தமிழுக்கு உரியது 'சிடிஎல்' என்று குறித்திருப்பது. மேற்கத்திய எழுத்துப் பட்டியலில் போய் மாற்றிவிட்டுத் தமிழ் மாறவில்லை என்று எனக்கு எழுதாதே. பாமினி எழுத்துருவில் அடித்த பழைய கோப்பு ஒன்று ஆங்கில எழுத்தும், புள்ளி வரவேண்டிய இடமெல்லாம் அரைப்புள்ளியுமாகத் தெரிந்தால், அது ஆபிஸின் கோளாறே இல்லை. அந்த எழுத்துரு கம்ப்யூட்டரில் இல்லை, அவ்வளவுதான். அதற்கும் மறுபடி இன்ஸ்டால் செய்கிறவர்கள் இருக்கிறார்கள்.

சேஃப் மோடிலும் மூடிக்கொண்டால்தான் செயலியில் கைவைக்க வேண்டும். அப்போதும் முதலில் 'ரிப்பேர்'. அதற்கும் மசியாவிட்டால் அன்இன்ஸ்டால் செய், கம்ப்யூட்டரை ஒரு முறை அணைத்துப் போடு, 'புரோகிராம் ஃபைல்ஸ்' உள்ளே மிச்சம் ஏதும் கிடந்தால் எடு, லிப்ரெ ஆபிஸின் சொந்தத் தளத்திலிருந்து இறக்கிப் போடு. ரெஜிஸ்ட்ரியைச் சுத்தம் செய்கிறேன் என்று வரும் இலவசச் செயலிகளை வாசற்படி ஏற்றாதே.

உன் அக்கா வீட்டில் இருப்பது மைக்ரோசாஃப்ட் ஆபிஸ் என்றாய். அங்கேயும் இதே கதைதான். வேர்டின் விருப்பங்களில் பாதி 'நார்மல்' என்ற டெம்ப்ளேட் கோப்பில் இருக்கின்றன. வேர்டை மூடிவிட்டு அதன் பெயரை மாற்றினால் வேர்டே புதிது போட்டுக்கொள்ளும். அதிலும் தீராவிட்டால் 'குயிக் ரிப்பேர்', பிறகு 'ஆன்லைன் ரிப்பேர்'. அன்இன்ஸ்டாலுக்குப் போவதற்கு முன்னால், எந்த மின்னஞ்சலில் அதை வாங்கினார்கள், அதன் பாஸ்வேர்ட் என்ன என்று அத்தானிடம் கேட்டு எழுதி வைத்துக்கொள். அவருக்கு நினைவில்லை என்றால் அதில் கையே வைக்காதே.

அன்புடன்,
உன் ஆசிரியர்